காவிரி டெல்டா மூன்று நாள் சைக்கிள் பயணம்: மேடில்லை, காற்று உண்டு

கல்லணையில் கிளம்பி, கும்பகோணத்திலும் தரங்கம்பாடியிலும் இரவு தங்கி, வேதாரண்யத்தில் முடியும் குழுப் பயணம். ஆண்டுதோறும் தை அறுவடை சமயத்தில் நடக்கிறது. வழியில் மேடென்றால் ஆற்றுப் பாலங்கள்தான். அதை நம்பிப் பழக்கமில்லாதவர்களும் பெயர் கொடுக்கிறார்கள். ஆனால் மூன்று நாளில் தூரம் குறைந்த இரண்டாம் நாள்தான், சுமார் 65 கிலோமீட்டர், ஆளை அயர்த்திவிடும்.

காரணம் வாடைக்காற்று. கும்பகோணத்திலிருந்து கிழக்கே போகையில் அது இடப்பக்கம் முன்னாலிருந்து அடிக்கிறது. அதற்கு மறைவாக ஓட்ட வேண்டுமானால் பின்னால் வருபவர் சற்று வலப்புறம் தள்ளி வர வேண்டும். நம் சாலையில் வலப்புறம் பஸ் வருகிறது. ஆகவே ஒற்றை வரிசைதான், மறைவும் அரைகுறைதான். வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆறு மணிக்கே விளக்குப் போட்டுக் கிளம்ப வேண்டிய நாளில் ஏழரைக்குக் கொடியசைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் பெரிய குறை இதுவே. மூன்றாம் நாள் நாகப்பட்டினம் வழியாகத் தெற்கே இறங்கும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். 100 கிலோமீட்டரை ஒட்டிய தூரம் லேசாகக் கழிகிறது.

மெக்கானிக் வண்டியைத் தாராளமாகப் பாராட்டலாம். டெல்டாவில் எது கெடும் என்று தெரிந்தவர்கள். சாலையில் கிடக்கும் வைக்கோல் பின் கியரின் குட்டிச் சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும். கரகரவென்று சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்திவிட வேண்டும். இன்னும் நாலு மிதி மிதித்தால் டீரெய்லர், அதாவது கியர் மாற்றும் கருவி, ஆரக்கம்பிக்குள் இழுபட்டு, அதைச் சட்டத்தில் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிடும். ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும், எந்த மெக்கானிக் வண்டியிலும் எல்லா மாடலும் இருக்காது. உங்களுடையதில் ஒன்று கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

அடுத்தது ஆற்றங்கரைச் சாலையின் சீமைக்கருவேல முள். ட்யூபை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் பத்தாவது நிமிடத்தில் மறுபடி பஞ்சர், ஏனென்றால் முள்ளின் நுனி டயருக்குள்ளேயே இருக்கும். பருத்தித் துணியால் உட்புறத்தைச் சுற்றித் துடைத்தால் அது மாட்டும் இடம் தெரியும். இரண்டு ட்யூப், ஒட்டுச் சாமான், கைப்பம்ப் கட்டாயம். 28 மில்லிமீட்டருக்கு அகலம் குறைந்த டயர் வேண்டாம். அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறுமிடத்தில் களிமண் சாலையில் அப்பிக்கிடக்கும், அங்கே முன் பிரேக்கைத் தொடாதீர்கள். சாலையில் நெல் காய்ந்தால் ஒதுங்கிப் போங்கள், இடமில்லையேல் இறங்கித் தள்ளுங்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு.

சாப்பாடு நன்று. காலைப் பொங்கலில் நெய்யைக் குறைத்தால் இன்னும் நன்று. 25 கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர், வாழைப்பழம், உப்புப் போட்ட மோர் கிடைக்கிறது. தங்கல் திருமண மண்டபத்தில், கழிப்பறை போதாது, நாலரைக்கே எழுந்தால் வரிசையில்லை.

கடைசி ஊர்வலம் அகஸ்தியம்பள்ளி வரை. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்ததன் நினைவுத் தூண் அங்கே நிற்கிறது, சுற்றிலும் உப்பளம். திரும்பும் லாரியில் ஏற்றுமுன் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்போடு ஓர் இரவு கிடந்தால் காலையில் துரு பூத்திருக்கும்.