கமாண்ட்லைன் கருவிக்கு லாகின்: கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

பொதுச் சர்வரிலிருந்து தரவை இறக்கும் அறிவியல் கருவி ஒன்றில் லாகின் வசதி சேர்க்க வேண்டும். கட்டாயமாக அல்ல, வேண்டியவர்களுக்கு மட்டும். இதில் எனக்குப் பிடித்த முன்மாதிரி அமெரிக்க உயிரியல் தரவு மையமான என்சிபிஐ-யின் என்ட்ரெஸ் டைரக்ட் என்ற கமாண்ட்லைன் கருவி. ஏபிஐ சாவி (கணக்கு வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் அடையாளக் குறியீடு) இல்லாதவருக்கு நொடிக்கு 3 கோரிக்கை, இருப்பவருக்கு 10. கணக்கே இல்லாத மாணவரும் சற்று மெதுவாகத் தன் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

சரி, சாவியையோ கடவுச்சொல்லையோ கருவியிடம் எப்படிக் கொடுப்பது?

கட்டளையோடு சேர்த்தே தட்டுவது ஒரு வழி. நிரல் எழுதுபவருக்கு எளிது, ஆனால் வேண்டவே வேண்டாம். பலர் பகிரும் கிளஸ்டரில் (கணினித் தொகுப்பில்) இன்னொருவர், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை போட்டால் போதும், கடவுச்சொல் அவர் திரையில் தெரிந்துவிடலாம். தட்டிய கட்டளைகளைச் சேமித்துவைக்கும் ஷெல் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும்.

உண்மையான போட்டி, ஓடும் நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பான சூழல் மாறிக்கும், லாகின் விவரங்களை எழுதிவைக்கும் நெட்ஆர்சி கோப்புக்கும்தான்.

சூழல் மாறி அவ்வளவு அம்பலமாகாது: லினக்ஸில் ஒரு புராசஸின் (ஓடும் நிரலின்) சூழலை அதன் உரிமையாளரும் ரூட் எனும் நிர்வாகியும்தான் படிக்க முடியும். நிரலைத் தேவையானவற்றோடு சேர்த்துத் தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்குள் அனுப்பவும் வசதி. கிளஸ்டரில் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்மில், வேலையை ஒப்படைக்கும் எஸ்பேட்ச் கட்டளை அதை இயல்பாகவே வேலைக்குக் கடத்திவிடும். ஆனால் அதில் வைத்த டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான அடையாளக் குறியீடு) எந்தச் சர்வருக்கு உரியது என்று அந்த மாறியில் எங்கும் எழுதியிருக்காது. தரவு சர்வர்கள் அடிக்கடி வேறு முகவரிக்குத் திருப்பிவிடுபவை என்பதால் இது பெரிய விஷயம். இணையத்திலிருந்து தரவை இறக்கும் கர்ல் நிரலிலேயே, பயனர் கைப்பட சேர்த்த ஆத்தரைசேஷன் தலைப்பு (கோரிக்கையோடு லாகின் விவரத்தைச் சுமந்துசெல்லும் வரி), திருப்பிவிடப்பட்ட வேறு சர்வருக்கும் போய்க்கொண்டிருந்தது. 2018 ஜனவரியில் வந்த 7.58.0 பதிப்பில்தான் சரிசெய்தார்கள். நாம் எழுதும் கருவியிலும் அதே ஓட்டை விழலாம்.

நெட்ஆர்சி கோப்பில் சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் ஒன்றாக இருக்கும். நாசாவின் புவித் தரவுகளுக்கான எர்த்டேட்டா லாகின் இந்த வழியைத்தான் சொல்லித்தருகிறது. அறிவியல் தரவுக் கோப்புகளைக் கையாளும் நெட்சிடிஎஃப் நூலகமும் இதைப் படிக்கும். எர்த்டேட்டாவுக்காக ஏற்கெனவே கோப்பு வைத்திருக்கும் ஆய்வாளர் புதிதாக எதையும் கற்க வேண்டாம், இன்னொரு வரி சேர்த்தால் போதும். கடவுச்சொல் வெறும் எழுத்தாகக் கிடப்பது குறைதான். கோப்பின் அனுமதியை 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) வைத்தே தீர வேண்டும். பைத்தானில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று: இணையக் கோரிக்கைகளை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் நெட்ஆர்சியைத் தானாகவே படித்து, நீங்கள் வைத்த ஆத்தரைசேஷன் தலைப்பின் மேல் எழுதிவிடும். டோக்கன் ஏன் வேலை செய்யவில்லை என்று நாள் முழுக்கத் தேட வைக்கும் விஷயம் இது.

என் தேர்வு நெட்ஆர்சி. கன்டெய்னருக்காக மட்டும் சூழல் மாறி, அதுவும் சர்வர் பெயரை இன்னொரு மாறியில் கேட்டுக்கொண்டு. இரண்டும் இல்லையென்றால் கருவி வாய் திறக்காமல் பழையபடி ஓடட்டும். சர்வர் 401 (லாகின் தேவை) சொன்னால் மட்டும், எந்தச் சர்வர் லாகின் கேட்டது, கோப்பில் எந்த வரி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிப் பிழைக் குறியோடு நிற்கட்டும்.