மானிட்டர் வாங்கும் முன் மூன்று சுழி ‘ண’வைப் பாருங்கள்

நான்கு வருஷத்துக்கு முன்னால் 24 இன்ச் மானிட்டரைத் தள்ளிவிட்டு 27 இன்ச் ஒன்று வாங்கினேன். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்று இன்ச் கூடுதல், வேறென்ன வேண்டும் என்றிருந்தது. எனக்கு வேலை மெய்ப்புத் திருத்துவது. வாங்கிய இரண்டாவது வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘திருமனம்’ என்று இருந்ததைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். பழி முழுக்க மானிட்டர் மேல் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி பதினோரு மணி, தூக்கக் கலக்கம். ஆனால் மறுநாள் அதே பக்கத்தைத் திறந்து ‘ண’வையும் ‘ன’வையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஓரமெல்லாம் பிசிறடித்து, சாம்பல் கொத்தாகத் தெரிந்தன.

இன்ச் (திரையை மூலைக்கு மூலை குறுக்கே அளப்பது) கூடியதே தவிர பிக்சல், அதாவது படத்தை உண்டாக்கும் புள்ளி, கூடவில்லை. பழையதும் புதியதும் ஃபுல் எச்.டி.தான், அகலத்தில் 1920, உயரத்தில் 1080. 24 இன்ச்சில் ஒரு பிக்சலின் அளவு சுமார் 0.27 மில்லிமீட்டர், 27இல் 0.31. அதே ஒரு கரண்டி மாவை இன்னும் பெரிய தோசையாக இழுத்த கதை. வழக்கமாக நாம் டைப் செய்யும் அளவில் ஒரு தமிழ் எழுத்தின் உடம்புக்கு உயரத்தில் ஏழெட்டுப் பிக்சல்தான் கிடைக்கும். அதற்குள் சுழி, கொம்பு, தலைக்கு மேல் மெய்ப்புள்ளி எல்லாம் அடங்கியாக வேண்டும். ஆங்கிலம் மட்டும் படிக்கிறவருக்கு இது அவ்வளவாக உறுத்தாது. நமக்கு உறுத்தும்.

ஆகவே 27 இன்ச் ஃபுல் எச்.டி.யைப் பட்டியலிலிருந்து முதலிலேயே அடித்துவிடுகிறேன். விளையாட மட்டும் என்றால் சரி, கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சுமை குறைவு. படிக்க, எழுத என்றால் வேண்டாம். கடைகளில் அதிகம் தள்ளிவிடப் பார்ப்பதும் இதைத்தான்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். சாஃப்ட்வேர் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து.

“மாமா, 27 எடுக்கவா, 32 எடுக்கவா?”

“உன் மேஜை எவ்வளவு ஆழம்?”

“ஆழமா? அதென்ன கிணறா மாமா?”

அளந்து பார்த்தான்: 50 செ.மீ. சாதாரண கம்ப்யூட்டர் மேஜைகள் பெரும்பாலும் இப்படித்தான். சுவரோடு ஒட்டி வைத்தாலும் ஸ்டாண்டின் பின்பாதி 10 செ.மீ. தின்றுவிடும், திரை மேஜை விளிம்பிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் நிற்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் 55, 60 செ.மீ. இருக்கும். 32 இன்ச் என்று விற்கும் திரையின் அகலம் 70 செ.மீ. அதாவது எட்டி நிற்கும் தூரத்தைவிடத் திரை அகலம். ஒரு மூலையில் நேரத்தையும் எதிர் மூலையில் மெனுவையும் பார்க்க, நாள் முழுக்கக் கழுத்து திரும்பிக்கொண்டே இருக்கும். 27இன் அகலம் 60 செ.மீ., 24இன் அகலம் 53. இந்த மேஜைக்கு 27தான் உச்சவரம்பு. பின்னால் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு ஸ்க்ரூ துளை உள்ள மாடலாக எடுத்து, மேஜை விளிம்பில் மாட்டும் ஆர்ம் போட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம்.

உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். ஒரு ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. 24 இன்ச் திரையின் உயரம் 29.6. மேலே மெனுவும் கீழே டாஸ்க்பாரும் போக, முழுப் பக்கத்தை அசல் அளவில் பார்க்கவே முடியாது. 27இல் 33.6 செ.மீ. கிடைக்கிறது, பக்கம் அப்படியே நிற்கும், பக்கத்தில் இன்னொன்றும் நிற்கும். இடது பக்கம் கையெழுத்துப் பிரதி, வலது பக்கம் லேஅவுட். என் தொழிலுக்கு 24இலிருந்து 27க்குப் போக இந்த ஒரு காரணம் போதும்.

சரி, 27 என்று முடிவானால் கியூ.எச்.டி.யா, 4கேயா? சண்டை இங்கேதான்.

கியூ.எச்.டி. என்றால் 2560க்கு 1440. சுமாராக 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் நல்லதாகவே அமையும். ஒரு பிக்சல் 0.23 மில்லிமீட்டர். எல்லோரும் புகழ்கிறார்கள், நியாயம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். விண்டோஸில் ஸ்கேலிங்கை, அதாவது திரையில் எழுத்தையும் மற்றதையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பை, 100 சதவீதத்தில் வைத்தால் எழுத்து 24 இன்ச்சில் இருந்ததைவிட 15 சதவீதம் சிறிதாகிவிடும். திரை பெரிது, எழுத்து பொடி. இருபத்தைந்து வயதுக்காரன் கவலைப்பட மாட்டான். நாற்பதைத் தாண்டியவர் இரண்டாம் நாளே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார், அப்புறம் முதுகுவலி என்பார். 125 சதவீதத்துக்கு மாற்றினால் எழுத்து பழைய அளவைவிடச் சற்றுப் பெரிதாகி, தெளிவும் கூடும்; கூடுதலாகக் கிடைத்த இடத்தில் ஒரு பகுதி போய்விடும்.

4கே என்பது 3840க்கு 2160. 27 இன்ச்சில் ஒரு பிக்சல் 0.155 மில்லிமீட்டர். 60 செ.மீ. தூரத்திலிருந்து சாதாரணக் கண்ணுக்குத் தனிப் பிக்சல் புலப்படாது. “இவ்வளவு சின்னத் திரையில் 4கே வீண்” என்பவர்கள் ஸ்கேலிங்கை மறந்து பேசுகிறார்கள். 175 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து பழைய 24 இன்ச்சில் இருந்த அதே அளவில் வரும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று மடங்கு பிக்சல். ‘ண’வின் சுழிகள் அச்சில் பார்ப்பதுபோல் தனித்தனியாக நிற்கும். விலை கியூ.எச்.டி.யைவிட ஏழெட்டாயிரம் கூடும். படித்துப் பிழைக்கிறவர்கள் கொடுக்கலாம்.

4கே வாங்கினால் கேபிள் மாட்டும் போர்ட்டையும் கவனியுங்கள். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 போர்ட் உள்ள லேப்டாப்பில் 4கே படம் நொடிக்கு 30 முறைக்கு மேல் மாறாது. மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். 2.0 இருந்தால் 60. இது தெரியாமல் மானிட்டரைத் திருப்பி அனுப்பியவரை எனக்குத் தெரியும். மேக் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை: 2018இல் வந்த மொஹாவி என்ற மேக் இயங்குதளத்திலிருந்து ஆப்பிள் எழுத்துகளின் ஓரத்தை மெருகூட்டும் சப்பிக்சல் வித்தையை எடுத்துவிட்டது. கியூ.எச்.டி.யில் மேக்கின் எழுத்து விண்டோஸைவிட மங்கலாகவே தெரியும். அவர்களுக்கு 4கே ஆடம்பரமில்லை, தேவை.

மேஜை 75 செ.மீ. ஆழமாவது இருந்தால் 32 இன்ச் 4கேவுக்கு என் ஓட்டு. 150 சதவீதத்தில் எழுத்து பழைய அளவிலேயே இருக்கும், இடமும் 27 கியூ.எச்.டி.யில் கிடைப்பது அத்தனையும் கிடைக்கும். கண்ணும் மேஜையும் ஒத்துழைத்தால் இதுவே ஆகச் சிறந்தது. 32இல் கியூ.எச்.டி. மட்டும் வேண்டாம், பிக்சல் மறுபடி 24 ஃபுல் எச்.டி. அளவுக்கே வந்துவிடுகிறது.

34 இன்ச் அல்ட்ராவைடு பார்க்க ராஜ கம்பீரம். 80 செ.மீ. அகலம், உயரமோ 27 இன்ச்சுக்கு உள்ளதுதான். 27ஐப் பக்கவாட்டில் நீட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கும் எக்செல்லில் நாற்பது பத்தி வைத்திருப்பவருக்கும் சொர்க்கம். முன்பு இங்கே 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டதால் அந்த ஒரு தடை நீங்கியது.

பேனலை, அதாவது திரையின் தொழில்நுட்ப வகையை, பற்றிச் சுருக்கமாக: ஐ.பி.எஸ்., வி.ஏ., ஓ.எல்.இ.டி. ஐ.பி.எஸ்.ஸில் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. கறுப்பு மட்டும் இருட்டறையில் சாம்பலாகத் தெரியும். காண்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், ஆயிரத்துக்கு ஒன்று அளவில் இருக்கும். வி.ஏ.வில் அது மூவாயிரம், அதற்கு மேலும் போவதால் இரவில் படம் பார்க்க அருமை. ஆனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை வேகமாக நகர்த்தினால் பின்னால் புகைபோல ஒரு இழுவை வரும். ஓ.எல்.இ.டி. படத்துக்கு ராஜா. என் மாதிரி பத்து மணி நேரம் ஒரே டாஸ்க்பாரை அசையாமல் வைத்திருப்பவன் வாங்கினால் அது திரையிலேயே தழும்பாகப் பதிந்துவிடும் அபாயம் உண்டு. பல மாடல்களில் எழுத்தோரத்தில் சாயமும் ஒட்டும். படிக்கவும் எழுதவும் ஐ.பி.எஸ். போதும், யோசிக்கவே வேண்டாம்.

டி.வி.யை மானிட்டராக மாட்டலாமா என்று வருஷத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். விலை மலிவான 32 இன்ச் டி.வி.களில் பெரும்பாலானவை 1366க்கு 768தான். ஒரு இன்ச்சுக்கு 49 பிக்சல். கிரிக்கெட் பாருங்கள்.

அக்கா மகனோடு சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். பென் டிரைவில் ஒரு தமிழ் பி.டி.எஃப். கொண்டுபோயிருந்தேன். கடைகளில் டெமோவுக்கு ஓடுவது மயில், கடல், கார். அதில் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும். “தம்பி, இதைக் கொஞ்சம் போடுங்க” என்றதும் கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். மூன்று திரையில் போட்டான். கியூ.எச்.டி.யும் 4கேவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது அவனே குனிந்து, “அண்ணே, இதுல எழுத்து வெட்டி வெச்ச மாதிரி இருக்கே” என்றான்.

மருமகன் கியூ.எச்.டி. ஐ.பி.எஸ். எடுத்தான், 144 ஹெர்ட்ஸ், அதாவது படம் நொடிக்கு 144 முறை மாறும். கோடிங்குக்கும் ராத்திரி விளையாட்டுக்கும் அதுவே சரி. 4கேவில் அவனுடைய கார்டு மூச்சு வாங்கியிருக்கும். நான் 4கே எடுத்தேன், 60 ஹெர்ட்ஸ். எழுத்துக்கு வேகம் எதற்கு?

வீட்டில் மாட்டி 175 சதவீதத்தில் வைத்ததும் மனைவி வந்து பார்த்தாள். “இவ்வளவு காசு கொடுத்து வாங்கினீங்க, எழுத்து பழைய சைஸ்லதானே இருக்கு?”

அதே சைஸ்தான். கிட்ட வந்து பார் என்றேன்.