சப்டைட்டிலா, டப்பிங்கா: எந்தப் படத்துக்கு எது?

ஒரு கொரியப் படத்தை நானும் என் நண்பர் ஒருவரும் ஒரே வாரத்தில் பார்த்தோம். நான் கொரிய ஆடியோவில் ஆங்கில சப்டைட்டில் போட்டுப் பார்த்தேன், அவர் தமிழ் டப்பிங்கில். பேச உட்கார்ந்தால் எதுவுமே ஒத்துவரவில்லை. வில்லன் கடைசிவரை மரியாதை குறையாமல் பேசியே ஆளை நடுங்க வைக்கிறான், படத்தின் பயமே அதில்தான் இருக்கிறது என்றேன். “மரியாதையா? முதல் சீன்லயே வாடா போடான்னுதான பேசுறான்” என்றார். எனக்குக் கொரியன் தெரியாது. ஆனால் வாக்கியத்தைக் கடைசியில் ‘யோ’ என்று முடித்தால் அது மரியாதைப் பேச்சு என்பது படம் பார்த்துப் பார்த்தே காதில் ஏறியிருக்கிறது. அந்த வில்லன் வாயில் ‘யோ’ ஒரு தடவைகூடத் தவறவில்லை. வெகுநேரம் வாதாடிய பிறகுதான் ஆளுக்கு ஒரு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. இப்போதெல்லாம் வெளிநாட்டுப் படத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் ‘எதில் பார்த்தீங்க?’ என்றுதான் முதலில் கேட்கிறேன்.

ரசிகர்களிடையே இந்தச் சண்டை ஓயாது. சப்டைட்டில் கட்சிக்கு டப்பிங் என்றாலே கலப்படம். டப்பிங் கட்சிக்கோ, படம் பார்க்க வந்த இடத்தில் எதற்கு வாசிப்பு என்ற எரிச்சல். நான் பல வருடமாக முதல் கட்சி, இன்றும் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் காரணம் மாறிவிட்டது. சப்டைட்டில் நம் கண்ணில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. டப்பிங் நடிகரின் குரலை எடுத்துக்கொள்கிறது. இந்தப் படம் எதை விட்டுக்கொடுத்தால் பிழைக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சப்டைட்டில். நெட்ஃப்ளிக்ஸ் ஆங்கில சப்டைட்டிலுக்கு வைத்திருக்கும் விதி இது: ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்து, திரையில் அதிகபட்சம் 7 விநாடி. பாத்திரம் படபடவென்று பேசினால் அதைச் சுருக்கித்தான் இந்த அளவுக்குள் கொண்டுவர முடியும். திக்கல், திணறல், ‘இல்ல... வந்து...’ என்ற இழுவை எல்லாம் எழுத்தில் போய்விடும். போனாலும் பரவாயில்லை, அதே நேரத்தில் அந்தத் திணறல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறதே! சப்டைட்டிலின் பெரிய பலம் எனக்கு இதுதான். பொருளை எழுத்து சொல்கிறது, உணர்ச்சியை நடிகரே சொல்கிறார்.

2020 ஜனவரியில் கோல்டன் குளோப் மேடையில் கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ, ஓர் அங்குல உயர சப்டைட்டில் தடையைத் தாண்டிவிட்டால் எத்தனையோ நல்ல படங்கள் கிடைக்கும் என்றார். அடுத்த மாதமே அவருடைய ‘பாரசைட்’ சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது, ஆங்கிலம் அல்லாத ஒரு படத்துக்கு முதல் தடவையாக. அதே படத்தில் அந்த ஓர் அங்குலத்துக்குள் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். வீட்டு எஜமானி ‘ஜாப்பகூரி’ செய்து வைக்கச் சொல்கிறார். இரண்டு மலிவான இன்ஸ்டன்ட் நூடுல்ஸைக் கலந்து செய்வது அது. அதன் மேல் விலை உயர்ந்த மாட்டிறைச்சியும் வேண்டும் என்கிறார். பணக்கார வீட்டின் மனசு முழுக்க அந்த ஒரு பாத்திரத்தில் இருக்கிறது. ஆங்கில சப்டைட்டில் எழுதிய டார்சி பாக்கெட் அதை ‘ராம்-டான்’ ஆக்கினார், ராமென், உடான் என்ற இரண்டு நூடுல்ஸ் பெயர்களையும் சேர்த்து. கொரியரல்லாதவர்களுக்கும் ‘ஏதோ கலப்பு நூடுல்ஸ்’ என்று சட்டெனப் புரிந்தது. மலிவு என்ற உறுத்தல் மட்டும் பாதியாகிவிட்டது. இரண்டு விநாடி திரையில் நிற்கப்போகும் ஒரு சொல்லுக்கு இதைவிட என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்பதற்காகச் சொல்கிறேன்.

குறை சொல்ல வேண்டிய சப்டைட்டிலும் உண்டு. அல்ஃபோன்சோ குவாரோனின் ‘ரோமா’ (2018) மெக்சிகோ ஸ்பானிஷில் பேசும் படம். ஸ்பெயின் நாட்டுப் பார்வையாளர்களுக்கு அதை ஸ்பெயின் ஸ்பானிஷில் ‘மொழிபெயர்த்து’ சப்டைட்டில் போட்டார்கள். ‘மமா’ என்று காதில் விழுகிறது, எழுத்தில் ‘மாத்ரே’. ‘கான்சீத்தோ’ என்ற மெக்சிகோ கேக், கிட்டத்தட்ட அதே போல ஒலிக்கும் ‘கான்ச்சீத்தோ’ என்ற வேறொரு நொறுக்குத்தீனியாக மாறியது. ஸ்பெயின்காரர்களுக்கு இதெல்லாம் கேட்டாலே புரியும். குவாரோன் கொதித்துப்போனார். 2019 ஜனவரியில் அந்த சப்டைட்டிலை எடுத்துவிட்டார்கள். எப்படிப் பிடிபட்டது? ஒரிஜினல் குரல் கூடவே ஓடிக்கொண்டிருந்ததால்தான். சப்டைட்டில் தப்பு செய்தால் காது சாட்சி சொல்லும்.

டப்பிங்கில் அந்தச் சாட்சி இல்லை. ஃபிராங்கோ ஆட்சியில் இருந்த ஸ்பெயினில் 1941-இல் வெளிநாட்டுப் படங்களுக்கு டப்பிங் கட்டாயமானது. சென்சாருக்கு அது நல்ல ஆயுதம். ‘மொகாம்போ’ (1953) என்ற ஹாலிவுட் படத்தில் திருமணமான பெண் ஒருத்தி வேறொருவனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். கள்ளக்காதல் கூடாது என்று டப்பிங்கில் கணவன் மனைவியை அண்ணன் தங்கையாக மாற்றினார்கள். திரையில் இருவரும் நெருக்கமாக இருக்கும் இடமெல்லாம் ஒழுக்கக்கேட்டை மறைக்கப்போய் அதைவிடப் பெரிய ஒன்றைக் காட்டிக்கொண்டு நின்றது.

அது அரசாங்கத்தின் வேலை. நேர்மையாகச் செய்யும் டப்பிங்கிலும் சில விஷயங்கள் தப்பாது. டப்பிங்குக்கு இசையும் பின்னணிச் சத்தங்களும் தனி ட்ராக்காக வரும். அதில் குரல் இருக்காது. வசனம் மட்டுமா போகிறது? நடிகரின் மூச்சு, விம்மல், எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாமே குரல் ட்ராக்கோடு போய்விடும். எல்லாவற்றையும் ஸ்டுடியோவுக்குள் இன்னொருவர் மறுபடி செய்ய வேண்டும். மழையில் நின்று கத்துகிறவன் குரல் நாலு சுவருக்குள் கேட்பது போல இருந்தால் காரணம் இதுதான்.

அப்புறம் உதடு. ‘ஐ லவ் யூ’ என்று க்ளோஸ்-அப்பில் சொல்லும்போது உதடுகள் முழுதாக ஒட்டுவதே இல்லை. ‘உன்னை விரும்புறேன்’ என்று தமிழில் வைத்தால் நடுவில் ‘ம்பு’ வருகிறது, அங்கே ஒட்ட வேண்டிய உதடு திரையில் திறந்தே இருக்கிறது. ‘ஹெல்ப் மீ’க்கு ‘காப்பாத்து’ அழகாக உட்காரும், இரண்டிலும் நடுவில்தான் உதடு மூடுகிறது. ‘ஐ நோ’ இரண்டே அசை, ‘எனக்குத் தெரியும்’ ஆறு அசை. ‘தெரியும்’ என்று வெட்டினால்தான் வாய்க்குள் அடங்கும். தமிழில் யாருக்கு என்று சொல்லாமலே பேச்சின் போக்கில் புரிந்துவிடும் என்பதால் இந்த வெட்டு உறுத்துவதில்லை. நல்ல டப்பிங் வசனகர்த்தா ஒவ்வொரு வரியிலும் செய்யும் கணக்கு இது.

தமிழ் டப்பிங்கை, தமிழ் சப்டைட்டிலையும் சேர்த்தே சொல்கிறேன், நான் எளிதில் ஒதுக்காததற்குக் காரணம் மொழிதான். கொரியனும் ஜப்பானியமும் வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் மொழிகள், நம்மைப் போலவே. வாக்கியம் முடியும்வரை செய்தியை அடக்கி வைக்கும் ஒரு வசனத்தை ஆங்கிலம் முதலிலேயே உடைத்துவிடும். தமிழில் அந்த இழுப்பு அப்படியே வரும். கொரியனில் ஓர் ஆண் தன் அண்ணனை ‘ஹ்யோங்’ என்பான், அக்காவை ‘நூனா’ என்பான். ஆங்கிலத்தில் பிரதர், சிஸ்டர் என்று சொல்லி வயதைத் தொலைக்க வேண்டும், இல்லையென்றால் பெயரைச் சொல்லிக் கூப்பிட வைக்க வேண்டும். நமக்கு அண்ணனும் அக்காவும் கையிலேயே இருக்கிறார்கள். நீ, நீங்க இருக்கிறது. இத்தனையும் இருந்தும் என் நண்பர் பார்த்த டப்பிங்கில் வில்லன் ஏன் வாடா போடா ஆனான்? பல நேரம் தமிழாக்கம் ஆங்கிலத்தில் இருந்துதான் நடக்கிறது. ஆங்கிலத்தின் ஒற்றை ‘யூ’வை வைத்துக்கொண்டு, வில்லன்தானே என்று யாரோ ‘நீ’ போட்டுவிட்டார்கள். கொரியனுக்கும் தமிழுக்கும் பொதுவாக இருந்த ஒன்று நடுவில் ஆங்கிலத்துக்குள் புகுந்து வந்ததால் தொலைந்தது. எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கும் இடம் இது.

துப்பறியும் படங்களில் இன்னொரு சிக்கல். ‘கொலையாளி ஜன்னல் வழியா வந்திருக்கான்’ என்று எழுதிய மறுநொடியே சந்தேகப் பட்டியலில் பெண்கள் எல்லாரும் கழிந்துவிட்டார்கள். கொரிய வினையிலும் ஜப்பானிய வினையிலும் ஆண், பெண் அடையாளமே இல்லை. துருக்கியிலும் பாரசீகத்திலும் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல். அந்த மொழிப் படங்கள் கடைசிவரை மறைத்து வைப்பதைத் தமிழ் விகுதி முதல் காட்சியிலேயே போட்டு உடைக்கக்கூடும். ‘யாரோ வந்திருக்காங்க’ என்று போட்டால் போதும், ரகசியம் பத்திரம். இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் வேலை தெரிந்த கை என்று உடனே தெரிந்துவிடும்.

சரி, எந்தப் படத்துக்கு எது?

மொழியே கதையாக இருக்கும் படங்களை டப்பிங்கில் தொடவே கூடாது. ரியூசுகே ஹமகுச்சியின் ‘டிரைவ் மை கார்’ (2021) படத்தில் ஒரு நாடகக் குழு செக்காவின் நாடகத்தை ஒத்திகை பார்க்கிறது. ஒருவர் ஜப்பானியத்தில் பேச, மற்றவர் மாண்டரினில் பதில் சொல்ல, ஒரு பெண் கொரிய சைகை மொழியில் வசனம் சொல்கிறார். எல்லாரையும் ஒரே மொழியில் பேச வைத்தால் அங்கே படமே இல்லை.

அனிமேஷனுக்கு டப்பிங் நன்றாகப் பொருந்தும். வரைந்த வாய்க்குச் சொந்தக் குரல் என்று ஒன்று கிடையாது, ஜப்பானிய அனிமேஷனில் வாயசைவும் நாலைந்து வடிவங்களுக்குள் முடிந்துவிடும். வாசிக்கத் தெரியாத குழந்தையும் பார்வை மங்கிய பெரியவரும் கூட உட்கார்ந்து பார்க்க டப்பிங்தான் வழி. ஆனால் இங்கேதான் கை அரிக்கும் ஆபத்தும் அதிகம். ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) படத்தின் முடிவில் ஜப்பானிய வடிவத்தில் மௌனம் இருக்கும் இடத்தில், புது வீடு, புதுப் பள்ளி பற்றி அப்பாவும் மகளும் பேசும் வசனத்தை ஆங்கில டப்பிங்கில் சேர்த்தார்கள். அந்தப் பெண் துணிந்துவிட்டாள் என்பது மௌனத்திலேயே எனக்குக் கேட்டது.

பழைய இத்தாலியப் படங்கள் தனி ரகம். ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) படப்பிடிப்பில் ஆளாளுக்குத் தன் மொழியில் பேசினார்கள், குரலைப் பிறகுதான் சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் பார்த்தாலும் இத்தாலியனில் பார்த்தாலும் டப்பிங்தான். எதில் வேண்டுமானாலும் பாருங்கள்.

தொடர்ச்சிப் படம் வருகிறது என்றால் முதல் பாகத்தை எதில் பார்த்தோமோ அதிலேயே தொடர்வது நல்லது. டப்பிங்கில் இரண்டாம் பாகத்துக்குக் குரல் மாறினால் அது வேறு ஆள்தான், முகம் மட்டும் அதே. இத்தாலியில் ஃபெருச்சியோ அமெண்டோலா என்ற ஒருவரே ராபர்ட் டி நிரோவுக்கும் அல் பசினோவுக்கும் வருடக்கணக்காகக் குரல் கொடுத்தார். 1995-இல் ‘ஹீட்’ படத்தில் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தபோது ஒருவருக்கு வேறு குரல் தேடியாக வேண்டும். அமெண்டோலா டி நிரோவிடம் தங்கினார், பசினோவுக்கு ஜான்கார்லோ ஜன்னினி வந்தார்.

ரீமேக்கை இந்தப் போட்டியில் நான் சேர்ப்பதில்லை. ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற 2016 இத்தாலியப் படம் அதிகத் தடவை ரீமேக் ஆன படமென்று கின்னஸில் இடம்பெற்றது, 2019-க்குள் 18 வடிவங்கள். அவை புதுப் படங்கள், ஒரிஜினலுக்குப் பதிலாக அவற்றைப் பார்க்க முடியாது.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். ஓடிடியில் ‘ஆங்கிலம்’ என்றும் ‘ஆங்கிலம் சிசி’ என்றும் இரண்டு இருந்தால், சிசி பல நேரம் காது கேளாதவர்களுக்காக ஆங்கில டப்பிங் வசனத்தை வைத்துத் தயாரித்ததாக இருக்கும். கொரிய ஆடியோவுக்கு அதைப் போட்டால் உதட்டசைவுக்காக வளைத்த வசனத்தை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

நண்பரும் நானும் அப்புறம் அந்தக் கொரியப் படத்தை மாற்றிப் பார்த்தோம். அவர் பாதியிலேயே கூப்பிட்டு, “அந்த ‘யோ’ இப்ப எனக்கும் கேக்குது” என்றார். நான் டப்பிங்கில் அந்த வில்லனின் முதல் காட்சியை ஓடவிட்டேன். ‘நீ’ உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. ஆனால் வாசிக்க எதுவும் இல்லாததால் முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்தேன். அந்தக் காட்சி முழுக்க அவன் எதிரில் நிற்பவரின் முகத்தை ஏறெடுத்தே பார்ப்பதில்லை, அவிழ்ந்து கிடக்கும் ஷூ லேஸையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.