காட்பாடி மாடில நடக்குற ஞாயித்துக்கிழமை தெலுங்கு கிளாஸ், பத்து மாச அனுபவம்

வீட்ல தெலுங்கு பேசுற குடும்பம் ஆனா பசங்களுக்கு ஒரு எழுத்து கூட படிக்க வராது, அப்படி காட்பாடி வேலூர் குடியாத்தம் பக்கம் இருக்குறவங்களுக்காகத் தான் இத எழுதுறேன். கிளாஸுக்கு பேரு கிடையாது, போர்டும் கிடையாது, காந்தி நகர் பக்கம் ஒரு வீட்டு மாடில ஞாயித்துக்கிழமை காலைல 10ல இருந்து 11.30 வரைக்கும் நடக்குது. டீச்சர் ரிடையர் ஆனவங்க, சொந்த ஊரு சித்தூர் பக்கம், தன் பேர எங்கயும் போட வேணாம்னு சொல்லிட்டாங்க அதனால போடல. மாசம் 600 ரூபா. ஒரு வீட்ல ரெண்டு பசங்கன்னா ரெண்டாவதுக்கு பாதி.

முதல்ல எங்க கதை. எங்க அம்மா பரதராமி பக்கம், அஞ்சாவது வரைக்கும் தெலுங்குல படிச்சவங்க, இன்னிக்கும் பஞ்சாங்கம் தெலுங்குல தான் பாப்பாங்க. நான் பேசுவேன், படிக்க வராது. என் பையனுக்கு எட்டு வயசு, அவனுக்கு புரியும் அவ்ளோ தான், பதில் தமிழ்ல வரும் இல்லன்னா இங்கிலீஷ்ல வரும். மூணு தலைமுறைல எவ்ளோ வேகமா கரைஞ்சு போச்சு பாருங்க. எல்கேஜி சேர்க்கும்போது ஸ்கூல்ல வீட்ல இங்கிலீஷ் பேசுங்க அப்போ தான் பிக்கப் ஆவான்னு சொன்னாங்க, நாங்களும் கேட்டுகினு அப்படியே பண்ணிட்டோம், இன்னிக்கு நெனச்சாலும் மனசு வலிக்குது. தமிழ் நல்லா எழுதுவான், அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், இது நம்ம ஊரு மொழி அது வந்தே ஆகணும். ஆனா எங்க அம்மா மொழியும் இந்த ஊரு மொழி தானே. 1911 வரைக்கும் வட ஆற்காடு மாவட்டத்துக்கு தலைநகரே சித்தூர் தான், அப்பால தான் அத பிரிச்சு தனி மாவட்டம் ஆக்குனாங்க. எங்கள மாதிரி இங்க பரம்பரையா தெலுங்கு பேசுறவங்க வெளில இருந்து வந்தவங்க இல்ல.

எனக்கு புத்தி வந்தது அமெரிக்கால, கலிபோர்னியால இருக்குற சான் ஹோசேல. 2023 ஏப்ரல் மே அக்கா பிரசவத்துக்கு அம்மா நான் பையன் மூணு பேரும் போயிருந்தோம். வியட்நாமுக்கு வெளிய ஒரே ஊர்ல வியட்நாம்காரங்க அதிகமா இருக்குறது அங்க தான், ஒரு லட்சத்துக்கு மேல இருக்காங்க. அக்காவோட பக்கத்து வீடும் அவங்க தான். அந்த பாட்டி 1975ல போர் முடிஞ்சதும் கை குழந்தையோட கிளம்பி வந்தவங்க, இப்போ பேத்திக்கு ஒம்போது வயசு, பாட்டி பேசுனா அது இங்கிலீஷ்ல பதில் சொல்லும். அத பாக்க எங்க அம்மாவையும் என் பையனையும் பாக்குற மாதிரியே இருந்துச்சு, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அந்த பொண்ண வாரா வாரம் ஒரு சர்ச் ஹாலுக்கு வியட்நாம் மொழி கிளாஸுக்கு இட்டுகினு போவாங்க, ஒரு நாள் நானும் கூட போனேன். சொல்லிக் குடுக்குறவங்க எல்லாம் அந்த பசங்களோட அம்மா அப்பா தான், சம்பளம் எதுவும் கிடையாது. அவங்க எழுத்து இங்கிலீஷ் எழுத்து தான், மேல கீழ கோடு புள்ளி எல்லாம் போட்டு எழுதுறாங்க, பாதிரியாருங்க உண்டாக்குனதாம், அந்த எழுத்துல அலெக்சாண்டர் தெ ரோட்ஸ்னு ஒருத்தர் 1651லயே ரோம்ல அகராதி அச்சடிச்சிருக்கார். அதனால அமெரிக்கால பொறந்த பசங்களுக்கு எழுத்து கஷ்டமே இல்ல, சத்தம் தான் கஷ்டம். 'மா'ன்னு ஒரு சத்தத்த ஆறு ராகத்துல சொல்லணும், ஒரு ராகத்துல பேய், ஒண்ணுல அம்மா, ஒண்ணுல 'ஆனா', ஒண்ணுல சமாதி, ஒண்ணுல குதிரை, ஒண்ணுல நெல்லு நாத்து. அந்த பொண்ணு கண்ண மூடிகினு ஆறையும் சொன்னா, நான் கை தட்டிட்டேன்.

இன்னொண்ணு அந்த பாட்டி சொன்னது. அவங்க மொழில நான் நீன்னு பொதுவா யூஸ் பண்றது கம்மி, யார்கிட்ட பேசுறோமோ அந்த உறவு முறைய வச்சு தான் பேச்சே, பெரியவங்க கிட்ட பேசும்போது தன்னையே 'புள்ள'ன்னு தான் சொல்லிக்கணும். அந்த முறை தெரியாத பசங்க தப்பா சொல்லிடுவோமோன்னு வாயே திறக்காதாம். எல்லாரும் அத கூச்சம்னு நெனச்சுகினு இருந்தாங்களாம். நான் என் பையன தான் நெனச்சேன். அதே கலிபோர்னியால வெஸ்ட்மின்ஸ்டர்ல கவர்மெண்ட் ஸ்கூல்லயே வியட்நாம் மொழியும் இங்கிலீஷும் சேர்த்து சொல்லிக் குடுக்குற கிளாஸ் ஆரம்பிச்சது 2015ல தான், அதாவது அவங்க வந்து நாப்பது வருஷம் கழிச்சு. அது வரைக்கும் சர்ச்லயும் கோயில்லயும் வாரக்கடைசில உக்காந்து சொல்லிக் குடுத்த அம்மாக்கள் தான் அந்த மொழிய புடிச்சு வச்சிருந்தாங்க.

திரும்பி வந்ததும் தேட ஆரம்பிச்சேன். ஒரு ஆன்லைன் ஆப்புக்கு காசு கட்டுனேன், பலூன் வெடிக்கிற கேமா வந்துகினு இருந்துச்சு, பையன் ஒரு மாசத்துல விட்டுட்டான். அப்பறம் கூட படிக்கிற பையனோட அம்மா சொல்லி தான் இந்த மாடி கிளாஸ் தெரிஞ்சுது, போன ஜூன்ல சேர்த்தேன்.

டீச்சர் முதல் ஆறு வாரம் நோட்டே எடுக்க விடல. வெறும் பேச்சு. மார்க்கெட் மாதிரி வச்சு காய் வாங்குறது, பஸ்ஸுல டிக்கெட் கேக்குறது, ஒடம்பு சரியில்லன்னு டாக்டர் கிட்ட சொல்றது. எனக்கு அப்போ கோவம் தான், காசு குடுத்து கத வுடுறாங்களேன்னு. ஆனா நம்ம பசங்களுக்கு வியட்நாம் பசங்களுக்கு நேர் மாறு, சத்தம் காதுல ஏற்கனவே இருக்கு, எழுத்து தான் புதுசு. வாய் திறந்த அப்பறம் எழுத்து வேகமா வந்துச்சு. அதுலயும் அ ஆன்னு வரிசையா ஆரம்பிக்காம வட்டமா இருக்குற எழுத்துங்கள முதல்ல போட்டாங்க, அந்த வட்டத்து மேல டிக் அடிச்ச மாதிரி ஒண்ணு வரும் அதுக்கு தலகட்டுன்னு பேரு. ப வ ம மூணும் கிட்டத்தட்ட ஒரே உருவம் தான், தலகட்டு ஒட்டிகினு இருக்கா ஒட்டாம இருக்கா, பின்னாடி வால் இருக்கான்னு தான் பாக்கணும், அத மட்டும் ரெண்டு வாரம் போட்டாங்க.

தமிழ் எழுதி பழகுன பசங்க எங்க மாட்டிக்கும்னு இவங்களுக்கு நல்லா தெரியுது. தமிழ்ல ஒரே க, தெலுங்குல நாலு. தெலுங்குல 'கட்டு'ன்னு கயிறு கட்டுறதுக்கும் சொல்லுவோம், வரப்பு கரைக்கும் சொல்லுவோம், சத்தம் வேற, இங்க தமிழ்ல நான் எழுதுனா ரெண்டும் ஒண்ணா தான் தெரியும். என் பையன் ரெண்டையும் ஒரே எழுத்துல எழுதுனான். டீச்சர் தப்புன்னு அடிக்கல, தொண்டைல கை வச்சு சொல்ல சொன்னாங்க, ஒண்ணுக்கு தொண்டை அதிரும் ஒண்ணுக்கு அதிராது. அன்னிக்கு வீட்ல வந்து எல்லார் தொண்டையையும் புடிச்சு பாத்துகினு இருந்தான்.

இந்த கிளாஸ்ல எனக்கு ரொம்ப புடிச்சது அவ்வா நோட்டு, அவ்வான்னா பாட்டி. வாரத்துக்கு அஞ்சு வார்த்தை அவ்வா கிட்டயோ தாத்தா கிட்டயோ கேட்டு எழுதிகினு வரணும். ஊர்ல இருந்தா போன் பண்ணி கேக்கணும். இதுல ஒரு நாள் பிரச்சனை ஆச்சு. எங்க வீட்ல வெங்காயத்துக்கு எர்ரகட்ட, உருளக்கிழங்குக்கு உர்லகட்ட. வேலை விஷயமா ஆந்திரால இருந்து இங்க வந்திருக்கவங்க பசங்க ரெண்டு மூணு பேர் கிளாஸ்ல இருக்காங்க, அவங்க உல்லிபாய, பங்காளதும்ப தான் கரெக்ட், நீ சொல்றது தமிழுன்னு சிரிச்சிருக்காங்க. பையன் அழுதுகினு வந்தான். அத கேட்டு எங்க அம்மாவுக்கு அவன விட கஷ்டமா போச்சு, எழுவது வருஷமா பேசுனது தெலுங்கு இல்லயான்னு கேட்டாங்க.

அடுத்த வாரம் டீச்சர் போர்டுல நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் 'இண்ட்டி மாட்ட', அதாவது வீட்டு வார்த்தை, இன்னொரு பக்கம் 'புஸ்தகம் மாட்ட'ன்னு எழுதி, ரெண்டும் தெலுங்கு தான், சித்தூர்ல என் அம்மாவும் எர்ரகட்டன்னு தான் சொல்லுவாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் போர்டுல அந்த ரெண்டு பக்கமும் இருக்கு. சான் ஹோசேலயும் இதே தான், அந்த பொண்ணு வீட்ல அம்மாவுக்கு மா, தெற்கு வியட்நாம் பேச்சு, புக்குல வடக்கு பேச்சு 'மே'ன்னு இருந்துச்சு, அங்க டீச்சரா இருந்த ஒரு அம்மா ரெண்டையும் எழுதிக்கோன்னு தான் சொன்னாங்க. பாட்டி பேச்ச தப்புன்னு சொல்ற கிளாஸ் எவ்ளோ பெரிய கிளாஸா இருந்தாலும் பசங்கள அனுப்பாதீங்க.

பொங்கல் லீவுல பரதராமி போனப்போ பையன் வாசல்லயே நின்னு அவ்வாவ பாத்து 'மீரு ரண்டி', அதாவது நீங்க வாங்கன்னு புக்குல படிச்ச மாதிரி மரியாதையா கூப்புட்டான். அம்மா சிரிச்சுகினே 'நேனேமன்னா பராயி மனிஷினா'ன்னாங்க, நான் என்ன வெளி ஆளான்னு. அவன் உடனே 'நுவ்வு ரா அவ்வா', நீ வா பாட்டின்னு மாத்தி சொன்னான். எட்டு வருஷத்துல அவங்க கேட்டு இவன் தெலுங்குல சொன்ன முதல் பதில் அது தான், அம்மா புடவ முந்தானைல கண்ண தொடச்சாங்க. எனக்கு இந்த 600 ரூபா அங்கயே வந்துடுச்சு.

குறையும் சொல்லிடுறேன். மாடில ஷீட் போட்ட கூரை, ரெண்டு ஃபேன் இருக்கு ஆனா நம்ம ஊரு ஏப்ரல் வெயிலுக்கு பத்தல, பசங்க வேர்த்து கொட்டுதுங்க, தண்ணி பாட்டில் பெருசா குடுத்து அனுப்புங்க. புக்குன்னு ஒண்ணு கிடையாது, ஜெராக்ஸ் தான், அதுவும் சில சமயம் மங்கலா இருக்கு, தெலுங்கு ஒத்தெழுத்து, அதாவது ஒரு எழுத்தோட சேர்ந்து வர்ற இன்னொரு எழுத்து, எல்லாம் கீழ சின்னதா வரும், மங்கலா இருந்தா புள்ளைங்களுக்கு தெரியவே தெரியாது. இத ரெண்டு வாட்டி சொல்லிட்டேன், இன்னும் சரி பண்ணல. ஆறு வயசுல இருந்து பதிமூணு வரைக்கும் ஒரே பேட்ச்சா உக்கார வைக்கிறாங்க, பெரிய பசங்களுக்கு போர் அடிக்குது, என் அக்கா மாதிரி பழகுன ஒருத்தங்க பொண்ணு பன்னெண்டு வயசு, அது மூணு மாசத்துல நின்னுடுச்சு. வீட்ல தெலுங்கே பேசாதவங்க பசங்களுக்கு இது செட் ஆகாது, அவங்களுக்கு வேற மாதிரி அடில இருந்து சொல்லிக் குடுக்கணும். என் ரேட்டிங் 5க்கு 4.

ஒரு நாள் கிளாஸ் முடிஞ்சு கீழ இறங்கும்போது ஒரு பெங்காலி அம்மா நின்னுகினு இருந்தாங்க. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு பக்கத்துல லாட்ஜ்ல வேலையாம், காந்தி ரோடு பக்கம் போனா கட போர்டு எல்லாம் பெங்காலில இருக்கும் பாருங்க, அந்த போர்ட கூட தன் பொண்ணுக்கு படிக்க வரல, பெங்காலி சொல்லிக் குடுக்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்க. டீச்சருக்கு பெங்காலி தெரியாது. ஆனா மதியம் மாடி சும்மா தான் இருக்கு, நீங்க நாலு பசங்கள சேருங்க, நீங்களே சொல்லிக் குடுங்க, வாடகை வேணாம்னு சொன்னாங்க. அவங்க இன்னும் வரல. வேலூர்ல இத படிக்கிற பெங்காலி தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா ஒரு எட்டு வந்து பாருங்க.

ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் புது பேட்ச். முதல் நாள் புள்ளைங்கள மட்டும் அனுப்பாதீங்க, வீட்ல அவ்வாவோ தாத்தாவோ இருந்தா அவங்களையும் இட்டுகினு போங்க, படி கொஞ்சம் செங்குத்து, கைய புடிச்சு ஏத்துங்க. பின்னாடி வரிசைல அவங்களுக்குன்னு நாலு சேர் போட்டு வச்சிருக்காங்க.