ஒற்றைக்கால் நிற்பதா, அடியொட்டி நடப்பதா?

செட்டிநாட்டு வீட்டில் வயதானவர்கள் தடுமாறும் இடங்களைப் பாருங்கள்: உயரமான நிலைப்படி, வளவிலிருந்து (நடு முற்றம்) ஏறும் படி, மழைச்சாரலில் நனைந்த ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்புத் தரை. நடக்கும்போதும் திரும்பும்போதும்தான் கால் இடறுகிறது. உடல் சமநிலைக்கு நான் அடியொட்டி நடையை, அதாவது ஒரு பாதத்தோடு மறுபாதம் ஒட்டி நேர்கோட்டில் நடப்பதை, முன்னால் வைப்பது இதனால்தான்.

ஏறி நின்றால் ஆடும் பலகையான பேலன்ஸ் போர்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கணுக்கால் சுளுக்கிய விளையாட்டுக்காரருக்கு நல்லது. எழுபது வயது ஆச்சிக்கு வழவழப்புத் தரையில் அது வம்பு.

ஒற்றைக்கால் நிற்பது நல்ல பயிற்சிதான். முகப்புத் தூண் ஓரமாக நின்று, விரல்நுனி மட்டும் தூணில் பட, காலுக்கு 10 விநாடி, பழகினால் 30. தூக்கிய காலை மற்றக் காலில் சாய்த்துவிட்டால் பயனில்லை. இடுப்புப் பக்கத் தசை நன்றாக உழைக்கும். ஆனால் உடல் கனம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் அந்த நொடியை இது பழக்குவதில்லை. பலர் விழுவது அந்த நொடியில்.

அடியொட்டி நடைக்குப் பட்டாலையில் (கூடத்தில்) கல் வரிசையின் இணைப்புக்கோடே போதும். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெறுங்காலோடு, முன்காலின் குதிகால் பின்காலின் பெருவிரலைத் தொட, 10 அடி எடுத்து வைத்துப் போய்த் திரும்பி வர வேண்டும். இப்படி 4 முறை. திரும்பும்போது ஒரே காலில் சுழலாமல் நாலைந்து சிற்றடி வையுங்கள்.

பலரும் கெடுத்துக்கொள்வது குனிந்து கோட்டையே பார்ப்பதால். கண், உள்காது, பாத உணர்வு மூன்றும் சேர்ந்துதான் உடலை நிறுத்துகின்றன. கண்ணே எல்லா வேலையும் பார்த்தால் மற்ற இரண்டுக்கும் பழக்கம் வராது. எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் ஐயா படத்தைப் பார்த்து நடங்கள். அது கைவந்தபின் இரண்டடிக்கு ஒருமுறை தலையை இடம் வலம் திருப்புங்கள். அடுத்தது நிலைப்படி: நிலையைப் பிடித்தபடி, ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கமாக 2 எண்ணும்வரை நின்று கடங்கள்.

இதிலும் குறை உண்டு. தொடை வலு இதனால் பெரிதாக ஏறாது; நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 முறை எழுந்து உட்காருவதையும் சேர்க்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 3 நாளாவது சமநிலை, வலுப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். எத்தனை வாரத்தில் நிதானம் வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களும் தலைச்சுற்றல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டு, பக்கத்தில் ஆள் வைத்துத் தொடங்குங்கள்.

கல்லுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்த அன்று மட்டும் பட்டாலை வேண்டாம், பின்கட்டுச் சிமெண்ட் தரையில் நடங்கள்.