தொலைதூர நிலையங்கள் கேட்க எந்த வானொலி? தூத்துக்குடியில் வைத்துப் பார்த்த மூன்று பெட்டிகள்

தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதை எங்கள் வட்டத்தில் டி.எக்ஸ் என்றே சொல்வோம். அதற்கு எந்த வானொலி வாங்கலாம் என்று என்னிடம் விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: எது அதிக நிலையம் எடுக்கும்? இரவு எட்டு மணிக்குச் சிற்றலையின் 31 மீட்டர் பட்டையைத் திறந்தால், அதாவது 9400 கிலோ ஹெர்ட்ஸுக்கும் 9900-க்கும் இடையே, எந்தப் பெட்டியிலும் நிலையங்கள் வரிசைகட்டி வரும். அதை வைத்து ஒரு பெட்டியை எடைபோட முடியாது. மெலிந்த நிலையம் மேலும் மெலியும்போது பெட்டி என்ன செய்கிறது, வலுத்த நிலையத்தை ஒட்டியிருக்கும் எளிய நிலையத்தைப் பிரித்துத் தருகிறதா, இந்த இரண்டையும்தான் நான் பார்ப்பேன்.

அந்த வகையில் தூத்துக்குடி நல்ல சோதனைக்களம். ஆகாசவாணியின் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி 1053 கிலோ ஹெர்ட்ஸில் இங்கேதான் இயங்குகிறது. இலங்கை நேயர்களுக்கான தமிழ் ஒலிபரப்பு கடல் தாண்டிப் போவது அதன் வழியாகத்தான். அதற்கு 9 கிலோ ஹெர்ட்ஸ் கீழே, 1044-இல், மும்பை நிலையம். ஆசியாவில் மத்திய அலை நிலையங்களுக்கு இடையே வகுத்திருக்கும் இடைவெளியே அந்த 9 கிலோ ஹெர்ட்ஸ்தான். ஊருக்குள் 200 கிலோவாட்டை வைத்துக்கொண்டு 1044-இல் இந்தியோ மராத்தியோ காதில் விழ வைக்கும் பெட்டி எதுவோ, அதற்கு என் வீட்டில் இடம் உண்டு.

நான் ஓர் உப்பு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் வேலை முடிந்ததும் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து கேட்பது வழக்கம். வீட்டில் கேட்பது நாளுக்கு நாள் கடினமாகி வருகிறது. எல்.இ.டி விளக்கு, கைப்பேசி சார்ஜர், மாடியில் சூரிய மின்தகட்டோடு சேர்ந்த இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றும் சிற்றலையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. தெரு முழுவதும் மின்தடை வந்தால் மட்டும் பட்டை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாகிவிடும். எனவே பெட்டி மின்கலத்தில் ஓட வேண்டும், கையில் எடுத்துப்போக வேண்டும். மேசைமேல் உட்காரும் பெரிய பெட்டிகளையும், கணினியோடு இணைக்கும் எஸ்.டி.ஆர் கருவிகளையும் இந்த மதிப்புரையில் நான் தொடவில்லை. பட்டை முழுவதையும் திரையில் அருவிபோல் காட்டும் எஸ்.டி.ஆர் அருமையான கருவிதான். ஆனால் வரப்பில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு மடிக்கணினி கூடுதல் சுமை.

கையில் இருப்பவை மூன்று. டெக்சன் பி.எல்-330, எக்ஸ்.எச்.டேட்டா டி-808, இரண்டுக்கும் மூத்த டெக்சன் பி.எல்-660. மூன்றிலும் சிற்றலை 1711-லிருந்து 29999 கிலோ ஹெர்ட்ஸ் வரை இடைவெளியின்றி வருகிறது. மூன்றிலும் எஸ்.எஸ்.பி உண்டு, அதாவது அலையின் மேல், கீழ் இரு பக்கங்களில் ஒன்றை மட்டும் அனுப்பும் ஒலிபரப்பைக் கேட்கும் வசதி. எஸ்.எஸ்.பி இல்லாத பெட்டியை இந்தப் பொழுதுபோக்குக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 7000-க்கும் 7200-க்கும் இடையே நம் நாட்டு ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள், பேசுவதும், 6676-இல் விமானங்களுக்காக வாசிக்கும் வானிலை அறிக்கையும் எஸ்.எஸ்.பி இல்லாவிட்டால் வாத்துக் கத்தலாகத்தான் கேட்கும். கடைகளில் 'உலக வானொலி' என்ற பெயரோடு மலிவாகக் கிடைக்கும் பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. அவற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. பிடித்த அலையை உள்ளே 455 கிலோ ஹெர்ட்ஸ் இடைநிலை அலையாக ஒரே முறை மாற்றி வேலை செய்யும் எளிய பெட்டியில், வலுத்த நிலையம் தன் இடத்திலும் அதற்கு 910 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளியும் இரண்டு முறை கேட்கும். 9500-இல் இருப்பது 8590-லும் வந்து நிற்கும். புதிதாகத் தேடுகிறவர் புது நிலையம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து ஏமாறுவார்.

முதலில் பி.எல்-330. சட்டைப்பையில் அடங்காது, ஆனால் கைப்பையில் தெரியாமல் கிடக்கும். மின்கலம் பி.எல்-5சி, பழைய நோக்கியா கைப்பேசிகளில் போட்ட அதே வகை. எந்த ஊரிலும் ஒரு கைப்பேசிக் கடையில் மாற்று கிடைக்கும் என்பதை நான் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன். இந்தப் பெட்டியின் உண்மையான அழகு இ.டி.எம் பிளஸ் என்ற தேடும் வசதி. பட்டையை முழுவதும் அலசி, கேட்ட நிலையங்களை அந்த மணி நேரத்துக்கு உரிய பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். மாலை ஆறு மணிக்கு ஒரு பட்டியல், ஏழு மணிக்கு வேறொரு பட்டியல். நாம் கையால் சேமித்த நிலையங்களை அது தொடாது. சிற்றலை நிலையங்கள் மணிக்கு மணி அலைவரிசை மாறுகிறவை என்பதால் இது எவ்வளவு உதவி என்று கேட்கிறவர்களுக்குத் தெரியும். சக்கரத்தைச் சுற்றாமலே அன்றைக்கு எந்தத் திசை திறந்திருக்கிறது என்று சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும்.

எஸ்.எஸ்.பி-யும் இதில் நன்று. 10 ஹெர்ட்ஸ் படிகளில் நகர்த்தலாம் என்பதால் பேச்சுக் குரல் இயல்பாக வந்து உட்காருகிறது. ஒலிபெருக்கி சிறியது, செய்தி கேட்கப் போதும், பாட்டுக்குப் போதாது. மத்திய அலையில் ஆண்டெனாவாக உள்ளிருக்கும் ஃபெரைட் தண்டின் நீளம் குறைவு என்பது உடனே தெரிகிறது. பகலில் திருச்சியின் 936-ஐ டி-808 தெளிவாகத் தரும் இடத்தில், 330 இரைச்சலுக்கு நடுவே தருகிறது.

அந்த டி-808-க்கு வருகிறேன். மத்திய அலைக்காகவே இதை வாங்கலாம். தண்டு நீளம், ஒலிபெருக்கி பெரிது, 18650 மின்கலம் நெடுநேரம் தாங்குகிறது. எல்லாவற்றையும் விட, ஏ.எம்-இல் பெட்டி உள்ளே விடும் அலையின் அகலத்தை 6 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 1 கிலோ ஹெர்ட்ஸ் வரை ஏழு நிலைகளில் குறுக்கலாம். 1044 சோதனையை இதில்தான் விரும்பிச் செய்வேன். செய்முறையைச் சொல்கிறேன், எந்தப் பெட்டிக்கும் பொருந்தும். ஃபெரைட் தண்டின் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசை நிலையம் மங்கும். எனவே முதலில் பெட்டியைத் தட்டையாகப் பிடித்து, 1053 எந்த நிலையில் மிகவும் அடங்குகிறது என்று மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடங்கும் இடம் மிகவும் குறுகியது. விரல் அளவு நகர்ந்தாலும் போய்விடும். அங்கே பெட்டியை அசையாமல் வைத்துவிட்டு, 1044-க்குப் போய், அகலத்தை 2 கிலோ ஹெர்ட்ஸுக்குக் குறுக்கி, இன்னும் ஒரு படி கீழே 1043-க்கு இறக்க வேண்டும். உள்ளூர் நிலையத்தின் சிதறல் மேல்பக்கத்திலிருந்துதான் வருகிறது, நாம் கீழ்ப்பக்கம் ஒதுங்குகிறோம். அதுவும் போதாவிட்டால் கீழ்ப்பக்க எஸ்.எஸ்.பி-க்கு மாற்றி, ஊளை நிற்கும்வரை சரிசெய்தால் மேல்பக்கம் முழுவதும் வெட்டுப்பட்டுவிடும். இருட்டிய பிறகு டி-808-இல் மும்பை இப்படி எழும்பி வருகிறது. 330-இல் ஓர் இழுபறி. 660-இல் சில இரவுகளில் மட்டும்.

டி-808-இன் குறையும் சிறிதல்ல. சக்கரத்தைத் திருப்பும்போது ஒவ்வொரு படியிலும் ஒலி கண்ணிமைக்கும் நேரம் அடைத்துத் திறக்கிறது. பட்டையைத் தடவிக்கொண்டே போய் மெல்லிய குரலை மோப்பம் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது எரிச்சலூட்டும். அதைவிட முக்கியமானது, அலை மெலியும்போது பெட்டி தானாகவே ஒலியைத் தணிப்பது. இரைச்சல் காதை உறுத்தக்கூடாது என்று, அலையை எண்முறையில் கையாளும் டி.எஸ்.பி சில்லில் வைத்த ஏற்பாடு அது. உள்ளூர் நிலையம் கேட்கிறவருக்கு இதமாக இருக்கும். தூரத்து நிலையம் கேட்கிறவருக்கு அது பாதகம், ஏனென்றால் நிலையத்தின் பெயரை அறிவிப்பாளர் சொல்லும் நொடியில் அலை ஏறியிருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. 330-இலும் இதே தன்மை உண்டு, அளவு குறைவு.

இந்த வேறுபாட்டை ஒரு விடியற்காலையில் தெளிவாகக் கேட்டேன். 15000 கிலோ ஹெர்ட்ஸில் நேரக் குறியீடு அனுப்பும் நிலையங்கள் உண்டு. சீனாவின் பி.பி.எம் அந்த அலைவரிசையில் நம் நேரப்படி காலை ஆறரைக்குத்தான் தொடங்கும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் ஹவாயின் கவாய் தீவிலிருக்கும் டபிள்யூ.டபிள்யூ.வி.எச் நிலையத்துக்கு வாய்ப்பு உண்டு. நமக்குப் பொழுது புலரும்போது அங்கே பிற்பகல். இடையிலிருக்கும் பசிபிக் முழுவதும் வெயில். 15 மெகா ஹெர்ட்ஸ் அலை தாவித் தாவி வர ஏற்ற நேரம். அனுப்பும் சக்தி 10 கிலோவாட் மட்டுமே, உள்ளூர் நிலையத்தில் இருபதில் ஒரு பங்கு. மூன்று பெட்டிகளையும் வரப்பில் வரிசையாக வைத்திருந்தேன். நொடிக்கு நொடி விழும் 'டிக்' மூன்றிலும் வந்து வந்து போனது. ஒவ்வொரு நிமிடமும் முடிவதற்குக் கால் நிமிடம் முன்னால் ஹவாயில் ஒரு பெண் குரல் நேரம் சொல்லும். கொலராடோவிலிருந்து வரும் டபிள்யூ.டபிள்யூ.வி-யில் ஆண் குரல், அதற்குச் சற்றுப் பின்னால். எந்த நிலையம் என்று தெரிந்துகொள்ள அந்தக் குரல்தான் எளிய வழி. அலை இறங்கியிருந்த நேரத்தில் குரல் வந்தது. டி-808 அடங்கிப்போய்ப் பேசாமல் நின்றது. 330-இல் யாரோ பேசுவது தெரிந்தது. 660-இல் இரைச்சல் அப்படியே இருக்க, அதன் அடியில் பெண் குரல், நேரம் உட்பட, கேட்டது.

பி.எல்-660 பழைய முறையில் கட்டிய பெட்டி. இரட்டை மாற்றம், அதாவது பிடித்த அலையை இரண்டு முறை மாற்றுகிறது; முதல் இடைநிலை அலை 55.845 மெகா ஹெர்ட்ஸ், அதனால் போலி நிலையங்கள் அநேகமாக இல்லை. ஒலியைத் தணிக்கும் வேலையெல்லாம் இது செய்வதில்லை. இரைச்சலையும் நிலையத்தையும் சேர்த்தே தந்துவிட்டு, பிரித்துக் கேட்பதை நம் காதுக்கு விட்டுவிடுகிறது. சிங்க் என்ற வசதி இதில் உண்மையாகவே வேலை செய்கிறது. தூரத்து அலை அயனி மண்டலத்தில் பட்டு வெவ்வேறு வழிகளில் வந்து சேரும்போது, பேச்சைச் சுமக்கும் நடு அலை மட்டும் சில நேரம் சுருங்கிப்போகும். அப்போது குரல் உடைந்து கரகரக்கும். சிங்க்கை இயக்கினால் பெட்டி தானே அந்த நடு அலையை உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ளும். குரல் மீண்டும் குரலாகும். மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று இடையூறு இல்லாத பக்கத்தைத் தேர்ந்துகொள்ளவும் முடியும். 330-இலும் கையேட்டில் சொல்லாத சிங்க் ஒன்று இருக்கிறது. அது அடிக்கடி பிடி நழுவுகிறது, நான் அதை நம்புவதில்லை.

660-இல் அகலம் இரண்டே நிலை, விரிவு அல்லது குறுகல். அதுதான் 1044-இல் அது தடுமாறக் காரணம். மற்றபடி நான்கு பென்சில் செல்கள், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆண்டெனா வரவைக் குறைத்துக்கொள்ளும் சுவிட்ச் மூன்று நிலைகளோடு பக்கவாட்டில் இருக்கிறது, கம்பி கட்டுகிறவர்களுக்கு அது அவசியம். சாதாரண மின்கம்பியில் ஏழெட்டு மீட்டர் வெட்டி, நீட்டிய ஆண்டெனாவில் முதலைக் கவ்வியால் பிடித்தால் மூன்று பெட்டிக்கும் போதும். அதற்கு மேல் நீட்டினால் வலுத்த நிலையங்கள் பட்டை எங்கும் வழிந்து, இருப்பதும் கெடும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக் காற்றில் ஆண்டெனாவின் கணுக்கள் கறுத்து, திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும். கேட்டு முடித்ததும் ஒவ்வொரு கணுவையும் உலர்ந்த துணியால் துடைத்துத்தான் உள்ளே தள்ள வேண்டும்.

பி.பி.சி-யின் தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30-உடன் நின்ற பிறகு சிற்றலையில் கேட்க என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். நிலையங்கள் குறைந்தது உண்மை, அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. ஆனால் பட்டையில் நெரிசல் குறைந்ததால், முன்பு பெரிய நிலையங்களின் நிழலில் கிடந்த சிறியவை இப்போது வெளியே வருகின்றன. டி.எக்ஸ் கேட்கிறவருக்கு இது மோசமான காலம் இல்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சிற்றலைதான் உங்கள் ஆசை என்றால் பி.எல்-660, புதிதாகக் கிடைக்காவிட்டால் அதன் வழிவந்த பி.எல்-680, அல்லது நல்ல நிலையில் உள்ள பழைய 660. மத்திய அலை இரவுகள்தான் உங்களை இழுக்கின்றன என்றால், அல்லது இதுவே முதல் பெட்டி என்றால் டி-808. ஏற்கெனவே ஒரு நல்ல பெட்டி வைத்துக்கொண்டு பயணத்துக்கு ஒன்று தேடுகிறவர் மட்டும் 330 வாங்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், டி-808-உடன் மின்கலம் வருகிறதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய 660-ஐ நேரில் பார்த்து வாங்கும்போது செல் வைக்கும் அறையில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டெனாவை முழுதும் நீட்டிச் சுழற்றுங்கள். பிறகு மங்கலான ஒரு நிலையத்தில் சிங்க்கை இயக்கி ஐந்து நிமிடம் விடாமல் கேளுங்கள். அலை இறங்கி ஏறிய பிறகும் பிடி விடாமல் நின்றால் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.