மண்டபம் அலுவலகத்தில் ரௌட்டர் மாற்றியதன் பலன்: ஓராண்டுக்கு மேலான அனுபவம்

இணைய நிறுவனம் இணைப்போடு சேர்த்துத் தரும் ரௌட்டர் பெட்டியை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்துக்கு அது போதாது. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தில் எங்களுடையது மீன், நண்டு கொள்முதல் செய்யும் சிறிய அலுவலகம். படகுகள் கரை சேர்ந்ததும் தூத்துக்குடி, கொச்சி ஆலைகளோடு விலை பேசி, எடைச் சீட்டும் பில்லும் அனுப்பினால்தான் லாரி நகரும். பழைய பெட்டி மக்கர் செய்ததெல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான். வேகச் சோதனையில் எண்கள் நன்றாகவே வரும். ஆனால் அழைப்பு அறுந்துபோகும், பிரிண்டர் காணாமல் போகும். புகாருக்கு வரும் தம்பி, "அண்ணே, ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்" என்பார். போட்டால் சரியாகும், மதியத்துக்குள் மறுபடியும் அதே தொல்லை.

காரணம் வேகமல்ல, நெரிசல். நான்கு கேமராக்களின் பதிவு இணையத்தில் உள்ள மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏறிக்கொண்டே இருக்கும். மேலேற்றும் பாதை நிரம்பியதும் மற்ற எல்லாம் அதன் பின்னால் காத்துக் கிடக்கும். பிரிண்டருக்கு நாங்கள் ஒதுக்கிய நெட்வொர்க் முகவரியும், நிறுவனம் தொலைவிலிருந்து மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அழிந்துபோகும்.

விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கடந்த ஆண்டு மாற்றினோம். ஃபைபர் இணைப்பில் பழைய பெட்டியைத் தூக்கி எறிய முடியாது. ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அதுதான். அதை 'பிரிட்ஜ்' முறைக்கு, அதாவது ரௌட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு, மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். இணைப்புக்குள் நுழையும் பிபிபிஓஇ (PPPoE) பயனர் பெயர், கடவுச்சொல், நிறுவனம் தன் இணையப் பாதைக்குக் கொடுத்திருக்கும் விலேன் (VLAN) எண் மூன்றையும் கையில் வாங்காமல் விடாதீர்கள். தரைவழித் தொலைபேசியும் அதே பெட்டியில் இருந்தால், அது தொடர்ந்து வேலை செய்யுமா என்று முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அதன் பின்னால் மைக்ரோடிக் ஹெக்ஸ் (MikroTik hEX) என்ற ரௌட்டரை வைத்தோம். ஐந்து கிகாபிட் போர்ட்டுகள் உண்டு, வைஃபை கிடையாது. வைஃபைக்கு, அதைப் பரப்பும் கருவியான தனி ஆக்சஸ் பாயிண்ட்டை நடு அறைக் கூரையில் பொருத்தி, கேபிள் இழுத்தோம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்களாகப் பொதுவாக எடுத்துக்கொள்வது 1, 6, 11. பக்கத்துக் கடைகள் எதில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு 11-ஐ எடுத்துக்கொண்டோம். கணினிகளும் கேமராக்களும் கேபிளில்தான்.

உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது வரிசை ஒழுங்கு. இதன் இயக்க மென்பொருளின் 7ஆம் பதிப்பில், காத்திருக்கும் தரவை ஒழுங்குபடுத்தி அனுப்பும் 'கேக்' (CAKE) என்ற முறை இருக்கிறது. இணைப்பின் மேலேற்றும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து எல்லை வைத்தால், காத்திருப்பு நிறுவனத்தின் கருவியில் சேராமல் நம் ரௌட்டரின் கைக்குள் வந்துவிடும். ஏலக்கூடத்தில் நூறு கூடைக்காரர் முடிக்கும்வரை ஒற்றைக் கூடைக்காரரை நிறுத்திவைக்காமல் ஆளுக்கொரு முறை கொடுப்பது போன்றது இது. கேமரா பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போதே கொச்சியோடு தெளிவாகப் பேச முடிகிறது. அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இந்த ரௌட்டரை அமைக்கப் பொறுமை வேண்டும். அமைப்புத் திரை நெட்வொர்க் தெரிந்தவர்களுக்கானது. முதல் வேலையாக நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, வெளியிலிருந்து நிர்வாகத் திரைக்குள் நுழையும் வழிகள் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். பழக்கம் இல்லாவிட்டால், அமைத்துத் தரும் ஆளுக்கான கூலியையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வீண்செலவு அல்ல.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். ஹெக்ஸ் 12 வோல்ட்டையும் ஏற்பதால், 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றிலேயே அதுவும் ஃபைபர் பெட்டியும் ஓடுகின்றன. மின்சாரம் போனாலும் பேச்சு நிற்பதில்லை. உப்புக்காற்றுக்கு முதலில் பலியாவது கருவி அல்ல, கேபிள் முனைகள். வாசல் கேமராவின் முனை பச்சைப் பூத்துத் தொடர்பு விட்டு விட்டு வந்தது. வெட்டிப் புது முனை போட்டதும் சரியானது. ரௌட்டரைக் கடல் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள். உப்புக்குப் பயந்து டப்பாவுக்குள் அடைத்தால் சூடு தாங்காது. உள்ளறைச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே திறந்த பலகையில் வைத்திருக்கிறோம்.

ஃபைபரே அறுந்தால் எந்த ரௌட்டரும் உதவாது. இந்தக் கரையில் கம்பத்து வழி வரும் இழைகள் காற்றுக்கு அறுவது வழக்கம். ஹெக்ஸில் ஒரு யூஎஸ்பி போர்ட் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதில் சிம் போட்டு மொபைல் இணையம் தரும் ஒரு 4ஜி டாங்கிளைச் செருகி, இணைப்பு அறுந்தால் தானாக மாறும்படி அமைக்கப்போகிறோம்.